உறுப்பினர்களே நடத்தும் டிங்கி பாய்ப்படகுக் கிளப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் நடுப்பகுதியில், குடிநீர்த் தேக்கம் ஒன்றின் கரையில் இருக்கும் சிறிய பாய்ப்படகுக் கிளப்பில் நான் பன்னிரண்டு ஆண்டுகளாக உறுப்பினராக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அழைத்தால் ஏன் தொலைபேசியை எடுப்பதில்லை என்று கேட்கத் தொடங்கிய உறவினர்களும், பிள்ளைகளை எங்கே சேர்க்கலாம் என்று விசாரித்த நண்பர்களும் இத்தனை ஆண்டுகளில் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். பிரிட்டனில் இத்தகைய கிளப்புகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. ஊருக்கு ஊர் சிறு மாறுதல்கள் இருந்தாலும் நடைமுறை ஏறத்தாழ ஒன்றேதான்.

டிங்கி என்பது எப்படிப்பட்ட படகு?

அறையோ எஞ்சினோ இல்லாத, ஒருவரோ இருவரோ செலுத்தும் சிறிய பாய்ப்படகுதான் டிங்கி. குழந்தைகள் கற்றுக்கொள்ளும் ஆப்டிமிஸ்ட் 2.3 மீட்டர் நீளம். ஒலிம்பிக் போட்டிகளில் பயன்படும் ஐஎல்சிஏ, அதாவது முன்பு லேசர் என்று அழைக்கப்பட்ட படகு, 4.23 மீட்டர் நீளம். பெரிய பாய்க்கப்பலின் அடியில் ஈயமோ இரும்போ கனமாக இருந்து அதை நிமிர்த்தி வைத்திருக்கும். டிங்கியில் அந்தக் கனம் கிடையாது. நடுப்பலகை எனப்படும், ஏற்றி இறக்கக்கூடிய மெல்லிய பலகை ஒன்றுதான் நீருக்குள் இறங்குகிறது. காற்று படகைச் சாய்க்கும்போது எதிர்ப்பக்க விளிம்பில் உட்கார்ந்து, உடலை வெளியே சாய்த்து, அதை நிமிர்த்த வேண்டியவர் படகில் இருப்பவரே. ஒரு கை சுக்கானில், மறு கை பாய்க்கயிற்றில், கண் நீரின் மேல் ஓடிவரும் காற்றுச் சுவட்டில் என்று உடம்பு முழுவதும் வேலை செய்கிறது.

உறுப்பினர்களே நடத்துவது என்றால் என்ன பொருள்? சம்பளத்துக்கு ஒருவரும் இல்லையா?

எங்கள் கிளப்பில் ஒருவரும் இல்லை. பெரிய கிளப்புகள் சிலவற்றில் மேலாளரோ பயிற்சியாளரோ ஊதியத்துக்கு இருப்பார்கள். சிறிய கிளப்பில் புல் வெட்டுவது முதல் கணக்கு எழுதுவது வரை எல்லாமே உறுப்பினர்களின் வேலை. தலைவரைக் கமடோர் என்பார்கள். அவரும் செயற்குழுவும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். ஆனாலும் கிளப்பை உண்மையில் தாங்கி நிற்பது செயற்குழுவைவிட ஆண்டின் தொடக்கத்தில் வெளிவரும் டூட்டிப் பட்டியல்தான் என்பேன்.

ஒவ்வொரு பந்தய நாளுக்கும் ஒரு பந்தய அதிகாரி, அவருக்கு ஓர் உதவியாளர், பாதுகாப்புப் படகை ஓட்ட ஒருவர், அந்தப் படகில் துணைக்கு ஒருவர், சமையலறைக்கு ஒருவர் அல்லது இருவர் தேவை. உறுப்பினர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு நான்கு முதல் ஆறு முறை இவற்றில் ஏதேனும் ஒன்றை ஏற்றாக வேண்டும். அன்றைய நாள் எவ்வளவு அருமையான காற்று வீசினாலும் அவருடைய படகு உறை போர்த்தியபடி கரையில்தான் இருக்கும். முப்பது பேர் நீரில் பந்தயம் விடுகிறார்கள் என்றால், ஐந்தாறு பேர் தங்கள் பந்தயத்தை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள் என்று பொருள். தொடர்ப் போட்டியில் டூட்டி பார்த்தவருக்கு அவருடைய மற்றப் பந்தயங்களின் சராசரிப் புள்ளியை அந்த நாளுக்கு அளிப்பது பெரும்பாலான கிளப்புகளில் வழக்கம். பிறருக்காக நின்றவர் அதனாலேயே பின்தங்கிவிடக் கூடாது என்ற இந்த ஏற்பாடு, போட்டி விதிகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது.

இது பணக்காரர்களின் விளையாட்டு அல்லவா?

பெரிய பாய்க்கப்பல்களைப் பற்றி அப்படிச் சொல்லலாம். டிங்கியின் வரலாறு வேறு. 1963-இல் டெய்லி மிரர் நாளிதழின் ஆதரவில் ஒரு படகு விற்பனைக்கு வந்தது. படகு வடிவமைப்பாளர் ஜாக் ஹோல்ட்டும், வீட்டுத் தச்சு வேலைகளைத் தொலைக்காட்சியில் கற்றுத்தந்து புகழ்பெற்ற பாரி பக்னெலும் சேர்ந்து உருவாக்கிய மிரர் டிங்கி அது. ஒட்டுப்பலகைத் துண்டுகளைச் செப்புக் கம்பியால் தைத்து, இணைப்புகளின் மேல் கண்ணாடியிழை நாடாவைப் பிசின் தடவி ஒட்டினால் படகு தயாராகிவிடும். தச்சுப் பயிற்சி இல்லாதவரும் வீட்டுக் கொட்டகையிலேயே கட்டிவிடலாம். அப்போதைய விலை 63 பவுண்டு 11 ஷில்லிங். தொழிலாளர் குடும்பங்களை ஏரிக்கும் கடலுக்கும் கொண்டுவந்த அந்தச் சிவப்புப் பாய்ப் படகு இதுவரை எழுபதாயிரத்துக்கும் மேல் கட்டப்பட்டிருக்கிறது.

இன்றும் பழைய மிரர் ஒன்றையோ, டாப்பர் என்ற சிறு டிங்கி ஒன்றையோ சில நூறு பவுண்டுக்கு வாங்கிவிடலாம். சிறிய கிளப்பில் குடும்பம் முழுவதற்குமான ஆண்டுச் சந்தாவும் சில நூறு பவுண்டுதான். எல்லா வேலையையும் உறுப்பினர்களே செய்வதால்தான் கட்டணம் இந்த அளவில் நிற்கிறது. 2002 முதல் பிரிட்டிஷ் அரசு இத்தகைய கிளப்புகளைச் சமூக விளையாட்டுக் கிளப்புகளாகப் பதிவு செய்துகொள்ள இடமளித்திருக்கிறது. பதிவு பெற்றால் கட்டடத்துக்கான உள்ளூர் வரியில் 80 விழுக்காடு தள்ளுபடி உண்டு. படகே இல்லாதவர்களுக்குக் கிளப்பின் சொந்தப் படகுகள் இருக்கின்றன. நான் முதல் இரண்டு ஆண்டுகள் அவற்றில்தான் ஓட்டினேன்.

பந்தயம் எப்படித் தொடங்குகிறது? படகுகளை ஒரே இடத்தில் நிறுத்தி வைக்க முடியாதே?

முடியாது என்பதுதான் இதன் அழகு. கரையில் உள்ள ஒரு கம்பத்துக்கும் நீரில் மிதக்கும் ஒரு மிதவைக்கும் இடையே ஒரு கற்பனைக் கோடு உண்டு. தொடக்கத்துக்கு ஐந்து நிமிடம் முன்னதாக ஒரு கொடி ஏறுகிறது, ஊதல் ஒலிக்கிறது. நான்கு நிமிடம் இருக்கும்போது நீல நிறத்தின் நடுவே வெள்ளைச் சதுரம் கொண்ட இரண்டாம் கொடி. ஒரு நிமிடம் இருக்கும்போது நீண்ட ஊதலுடன் அது இறங்குகிறது. முதல் கொடியும் இறங்கும் நொடியில் பந்தயம் தொடங்குகிறது. இதற்குள் படகுகள் கோட்டின் பின்னால் சுற்றிச்சுற்றி வந்து, சரியான நொடியில் முழு வேகத்தில் கோட்டைத் தொட வேண்டும். முந்திக்கொண்டு தாண்டியவர்களுக்கு, வெள்ளையில் நீலச் சிலுவை போட்ட கொடியுடன் ஒருமுறை ஊதல் ஒலிக்கும். அவர்கள் திரும்பி வந்து மறுபடி தொடங்க வேண்டும்.

பந்தய அதிகாரியாக இருந்த ஒரு பிப்ரவரிக் காலை எனக்கு மறக்காது. இருபத்திரண்டு படகுகள் கோட்டின் பின்னால் இருந்தன. தொடக்கத்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது காற்று சட்டென்று வலப்பக்கம் திரும்பிவிட்டது. அப்படியே விட்டால் கோட்டின் ஒரு முனையில் நிற்பவர்கள் மட்டும் காரணமின்றி முன்னே போய்விடுவார்கள். சிவப்பும் வெள்ளையுமான ஒத்திவைப்புக் கொடியை ஏற்றி இருமுறை ஊதினேன். மிதவையை நகர்த்தப் பாதுகாப்புப் படகை அனுப்பி, அத்தனை பேரையும் நடுங்கும் குளிரில் பத்து நிமிடம் காக்க வைத்தேன். என் கை விறைத்திருந்தது. ஈரத் தாளில் பேனா எழுதாது என்பதால் கிளப்பில் எப்போதும் பென்சில்தான், அதையும் பிடிக்க முடியவில்லை. பந்தயம் முடிந்து கரைக்கு வந்தவர்களில் பலர் ஈரக் கையுறையோடு என் அறைக் கதவைத் தட்டி நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். கடைசியாக வந்தவரும் சொன்னார். யார் டூட்டியில் இருந்தாலும் கரையேறியதும் போய் நன்றி சொல்வது எங்கள் கிளப்பில் எழுதப்படாத ஒழுங்கு.

வேகமான படகும் மெதுவான படகும் ஒரே பந்தயத்தில் ஓடினால் அது நியாயமா?

அதற்காகத்தான் போர்ட்ஸ்மத் எண் என்ற முறை இருக்கிறது. ஒவ்வொரு வகைப் படகுக்கும் ஓர் எண் உண்டு; எண் பெரிதானால் படகு மெதுவானது. ஓட எடுத்த நேரத்தை ஆயிரத்தால் பெருக்கி அந்த எண்ணால் வகுத்தால் திருத்திய நேரம் கிடைக்கும். அது யாருக்குக் குறைவோ அவர் வென்றார்.

ஐஎல்சிஏ 7 படகுக்கு 1100, மிரருக்கு 1390 என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே தூரம் ஓடுகின்றன. ஐஎல்சிஏ 55 நிமிடத்தில், அதாவது 3300 விநாடியில் முடிக்கிறது. திருத்திய நேரம் 3000 விநாடி. மிரர் 69 நிமிடம், அதாவது 4140 விநாடி எடுக்கிறது. திருத்திய நேரம் ஏறத்தாழ 2978. பதினான்கு நிமிடம் பின்னால் வந்த மிரர் 22 விநாடியில் வென்றுவிட்டது. மிக மெதுவான படகுகள் சுற்றுகளைக் குறைத்து முடிக்கவும் இடமுண்டு. அப்போது ஒரு சுற்றுக்கான சராசரி நேரத்தைக் கொண்டு கணக்கிடுவார்கள்.

இந்த எண்கள் ஏதோ ஆய்வுக்கூடத்தில் பிறந்தவை என்று பலர் நினைக்கிறார்கள். நாடெங்கும் உள்ள கிளப்புகள் தங்கள் பந்தய முடிவுகளைப் பிரிட்டனின் தேசியப் பாய்ப்படகு அமைப்பான ராயல் யாட்டிங் அசோசியேஷனுக்கு அனுப்புகின்றன. அவற்றைத் தொகுத்துத்தான் எண்கள் திருத்தப்படுகின்றன. மழையில் நின்று ஒருவர் பென்சிலால் குறித்த நேரங்கள் அந்தக் கணக்கில் கலந்திருக்கின்றன.

நீரில் நடுவர் இல்லையென்றால் தவறு செய்தவரை யார் கேட்பது?

தவறு செய்தவரே தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். காற்றை வலப்பக்கத்தில் வாங்கி ஓடும் படகுக்கு, இடப்பக்கத்தில் வாங்கி ஓடும் படகு வழிவிட வேண்டும் என்பது முதலில் கற்கும் விதி. அதனால்தான் ஏரியெங்கும் வலப்பக்கம் என்று பொருள்படும் ‘ஸ்டார்போர்ட்!’ என்ற கூவல் கேட்டுக்கொண்டே இருக்கும். வழிவிடத் தவறியவர், யாரும் கட்டளையிடாமலே ஒதுங்கி, படகை ஒரே திசையில் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டுப் பந்தயத்தைத் தொடர வேண்டும். பந்தயப் பாதையைக் குறிக்கும் மிதவையைத் தொட்டுவிட்டால் ஒரு சுற்று. யாரும் பார்க்காத மூலையில் மிதவையில் உரசிவிட்டு, முன்னணியில் இருந்த பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தி தானாகவே சுற்றித் தன் இடத்தை இழந்ததை நான் பாதுகாப்புப் படகிலிருந்து பார்த்திருக்கிறேன். கருத்து வேறுபாடு தீராதபோது எதிர்ப்பு எழுதிக் கொடுக்கலாம். மூன்று உறுப்பினர்கள் மேசையில் சிறு படகுப் பொம்மைகளை நகர்த்தி இருதரப்பையும் விசாரித்து முடிவு சொல்வார்கள்.

உலகெங்கும் பின்பற்றப்படும் பாய்ப்படகுப் பந்தய விதிகளில் முதல் விதி வெல்வதைப் பற்றியது அன்று. ஆபத்தில் இருப்பவருக்கு இயன்ற உதவி அனைத்தையும் செய்ய வேண்டும் என்பதே அது. அவ்வாறு உதவியதால் பந்தயத்தில் இடம் இழந்தவர், நிவாரணம் கேட்டுத் தம் இடத்தைத் திரும்பப் பெறவும் விதியிலேயே வழி இருக்கிறது.

கவிழ்ந்தால் என்ன ஆகும்? நீச்சல் தெரியாமல் சேரலாமா?

கவிழ்வது உறுதி, அதனால் முதல் பாடத்திலேயே வேண்டுமென்றே கவிழ்த்துக் காட்டுவார்கள். மிதவைச் சட்டை இல்லாமல் யாரும் நீரில் இறங்கக் கூடாது என்பதில் எந்தக் கிளப்பும் விட்டுக்கொடுக்காது. படகுக்குள் காற்றறைகள் இருப்பதால் அது மூழ்காது. செய்ய வேண்டியது இதுதான்: படகைவிட்டு நீந்திப் போகாமல், பின்பக்கமாகச் சுற்றி அடிப்பக்கம் வந்து, நடுப்பலகையைப் பிடித்துத் தொங்கி, அதன் மேல் ஏறி நின்று உடல் எடையால் மெல்லச் சாய்க்க வேண்டும். முதலில் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். பிறகு பாய் நீரை விட்டுப் பிரியும் சத்தம் கேட்கும். அடுத்த கணம் படகு நிமிர்ந்துவிடும். இருவர் படகென்றால் ஒருவர் நிமிர்த்தும்போது மற்றவர் உள்ளே கிடந்து, எழும் படகோடு தாமும் வாரி எடுக்கப்படுவார்.

உண்மையான ஆபத்து ஆழத்தைவிடக் குளிரில்தான் இருக்கிறது. பதினைந்து டிகிரிக்குக் குறைவான நீரில் திடீரென விழுந்தால் மூச்சுத் திணறும், இதயம் படபடக்கும். அந்த முதல் ஓரிரு நிமிடங்களைப் பதறாமல் மிதந்து கடக்க வேண்டும். நம் ஊர்க் குளங்களில் நீந்திப் பழகியவர்கள் இதைக் குறைத்து மதிப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். குளிருடை இல்லாமல் மே மாதத்திலும் இறங்காதீர்கள். நீச்சலைப் பொறுத்தவரை, ஐம்பது மீட்டர் நீந்தத் தெரிந்திருப்பது நல்லது. தெரியாதவர்கள் பயிற்சியாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பாதுகாப்புப் படகை யார் வேண்டுமானாலும் ஓட்டலாமா?

கூடாது. அதற்கு இரண்டு நாள் விசைப்படகுப் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்க வேண்டும். டூட்டிக்கு ஆள் தேவை என்பதால் பல கிளப்புகள் அந்தக் கட்டணத்தில் ஒரு பகுதியைத் தாமே ஏற்கின்றன. ஓட்டுநரின் காலில் ஒரு சிவப்புக் கயிறு மாட்டப்பட்டிருக்கும். அவர் தவறி விழுந்தால் கயிறு பிடுங்கப்பட்டு எஞ்சின் நின்றுவிடும். 2013-இல் கார்ன்வாலின் பேட்ஸ்டோ அருகே விசைப்படகிலிருந்து ஒரு குடும்பம் முழுவதும் தூக்கி எறியப்பட்டு, ஓட்டுநரில்லாமல் சுற்றிவந்த அதே படகு மோதி இருவர் இறந்தார்கள். அந்தக் கயிறு மாட்டப்பட்டிருக்கவில்லை. எஞ்சினைத் தொடும் முன் கயிறு, அதன் பிறகே மற்றதெல்லாம்.

குழந்தைகள் எந்த வயதில் தொடங்கலாம்?

பெரும்பாலும் எட்டு வயதில். 1947-இல் அமெரிக்காவின் புளோரிடாவில் கிளார்க் மில்ஸ் வடிவமைத்த ஆப்டிமிஸ்ட்தான் பலருக்கு முதல் படகு. பார்க்கத் தொட்டிபோல இருக்கும், குழந்தை தனியாகவே ஓட்டலாம். நான்கு ஒலிம்பிக் தங்கங்கள் வென்ற பென் ஐன்ஸ்லியும் கார்ன்வாலின் ரெஸ்ட்ராங்கெட் கிளப்பில் ஆப்டிமிஸ்ட் ஓட்டிய சிறுவன்தான். ஆனால் பதக்கத்தை நினைத்துப் பிள்ளையைச் சேர்க்காதீர்கள். பத்து வயதுக் குழந்தை தானே காற்றைப் பார்த்து, தானே முடிவெடுத்து, தானே படகைக் கரை சேர்ப்பது அதற்குப் போதுமான பரிசு.

மாற்றுத்திறனாளிகளுக்கென செயிலபிலிட்டி என்ற திட்டத்தின் கீழ், தாழ்வான இருக்கையும் கனமான நடுப்பலகையும் கொண்ட, கவிழ்வதற்கு மிக அரிதான ஹன்சா படகுகள் பல கிளப்புகளில் உள்ளன.

பந்தயத்தில் ஆர்வம் இல்லை. சேரலாமா?

தாராளமாக. டூட்டி மட்டும் எல்லோருக்கும் உண்டு.

தமிழர்களாகிய நாம் அங்கே ஒட்டுவோமா?

நான் சேர்ந்தபோது என்னைத் தவிர வேறு தமிழர் இல்லை. முதல் சில வாரங்கள் அவர்கள் பேசுவதே புரியவில்லை. கயிறு ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். நிலைமை மாறியது சமையலறை டூட்டியில்தான். வழக்கமான பன்றியிறைச்சி ரொட்டியோடு என் மனைவி செய்து கொடுத்த பருப்புச் சாம்பாரையும் ஒரு பெரிய பாத்திரத்தில் சூடாக வைத்தேன். குளிர்காலப் பந்தயம் முடிந்து உதடு நீலம்பாரித்து வந்தவர்கள் அதைக் கோப்பையில் வாங்கிக் குடித்தார்கள். இன்று என் டூட்டி நாள் எதுவென்று பட்டியலைப் பார்த்து விசாரிப்பவர்கள் இருக்கிறார்கள். இப்போது கிளப்பில் நான்கு தமிழ்க் குடும்பங்கள்.

நம் ஊரிலும் இந்த விளையாட்டு உண்டு. சென்னைத் துறைமுகத்துக்குள் இருக்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பை 1911-இல் தொடங்கியவர், துறைமுகப் பொறுப்புக் கழகத் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். அந்தத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராக வேலை பார்த்த கணிதமேதை இராமானுஜனுக்குத் துணைநின்றவரும் அவரே. பாய்ப்படகில் ஒலிம்பிக் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்ணான நேத்ரா குமணனும் சென்னைக்காரர்தான்.

இப்படி நடத்துவதில் குறையே இல்லையா?

உண்டு. வேலையைத் தாங்குபவர்கள் எப்போதும் அதே பத்துப் பதினைந்து பேராக இருந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு வயதாகிறது. ஒரு பருவத்தில் எங்கள் கிளப்பில் கடைசி நேரத்தில் டூட்டிக்கு வராதவர்களால் மூன்று ஞாயிறுகள் பந்தயமே நடக்கவில்லை; காற்று இருந்தது, படகுகள் இருந்தன, பாதுகாப்புப் படகில் ஏற ஆள் இல்லை. சில கிளப்புகளில் பணம் கட்டினால் டூட்டியிலிருந்து விலக்குத் தருகிறார்கள். சிறு குழந்தைகள் உள்ள வீடுகளின் சிரமம் எனக்குத் தெரியும். என்றாலும் நான் இதை ஏற்கவில்லை. பணம் கட்டியவர் வாடிக்கையாளராகிவிடுகிறார். அதைவிட, பெற்றோர் இருவரில் ஒருவர் மட்டும் அரைநாள் பார்க்கும்படி டூட்டியைப் பிரித்துக் கொடுக்கலாம். அந்தப் பருவத்துக்குப் பிறகு நாங்கள் அப்படித்தான் செய்தோம். அதற்குப் பின் ஆள் இல்லாமல் பந்தயம் நின்றதில்லை.

புதிதாகச் சேர்ந்தவரின் பெயர் எப்போது டூட்டிப் பட்டியலில் வரும்?

பெரும்பாலும் முதல் ஆண்டிலேயே, பழகிய ஒருவருக்கு உதவியாளராக. பந்தயம் பத்தரைக்கு என்றால் ஒன்பது மணிக்கே வந்துவிடுங்கள். மழைச்சட்டை, கம்பளித் தொப்பி, விநாடி காட்டும் கைக்கடிகாரம் மூன்றையும் மறக்காதீர்கள். கதவைத் திறந்ததும் இடப்பக்க அலமாரியில் கொடிகள் மடித்து வைக்கப்பட்டிருக்கும். முதல் வேலையாக அவற்றை ஏறும் வரிசையில் மேசைமேல் பரப்பி வையுங்கள். பென்சில்கள் சன்னலோரத் தகரக் குவளையில் இருக்கும்.